சும்மா கிடைக்காத கொசுறு

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறிகள் டக்கடிக் டக்கடிக் என்று நாள் முழுக்க அடித்துக்கொள்ளும் ஒரு தெருவின் முனையில் ஷோபாவின் மளிகைக் கடை இருக்கிறது. பலகையில் தெலுங்கில் ஏதோ ஒரு சாமி பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் வழி தெரியாது. "பிள்ளைங்க கூட்டமா நிக்கிற கடை" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள்.

பிள்ளைகள் அங்கே கூட்டமாக நிற்பதற்குக் காரணம் கொசுறு. சாமான் வாங்க வருகிற பிள்ளையின் கையில் ஒரு துண்டு வெல்லமோ ஒரு பிடி பொட்டுக்கடலையோ வைத்து அனுப்புவது எல்லா மளிகைக் கடையிலும் உள்ள வழக்கம். ஷோபா கடையில் மட்டும் அது சும்மா கிடைக்காது. குழாயில் கை கழுவ வேண்டும். வாங்கப்போகிற அரிசியையோ பருப்பையோ மூட்டையிலிருந்து தானே அள்ளிப் பையில் போட வேண்டும். கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பை தராசில் ஏறும். சொன்னதற்கும் தராசு காட்டுவதற்கும் ஐம்பது கிராமுக்குள் வித்தியாசம் என்றால், கேட்ட கொசுறு கிடைக்கும். தப்பினால் கொசுறு இல்லை, நாளைக்கு வா.

இந்த ஆட்டம் பிறந்தது ஒரு கேள்வியால். பக்கத்துக் காலனியிலிருந்து வரும் கன்னிகா, நாலாம் வகுப்பு, ஒருநாள் கிலோவைக் கிராமாக மாற்றும் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டே வந்தாள். ஒப்பித்து முடித்ததும் கேட்டாள்.

"அத்த, கிலோன்னா எவ்ளோ இருக்கும்?"

ஷோபா ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "இவ்ளோதான்."

கன்னிகாவின் கண் விரிந்தது. ஒரு வருடமாக மனப்பாடம் செய்த ஒன்று முதன்முதலாகக் கையில் கனத்தது. "அப்ப ஆயிரம் கிராம் இதுக்குள்ளயா கீது?" என்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அன்றைக்கு ஷோபாவுக்குத் தன் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு இரண்டு வருடம் யாரும் வரவில்லை. எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு எதற்கு என்று எந்த ஃபைலும் சொல்லவில்லை. எந்த ஃபைலும் நகரவும் இல்லை. வாத்தியாரே இல்லாத பாடத்தில் அவள் முப்பத்தொரு மார்க் எடுத்தாள். பாஸ் மார்க் முப்பத்தைந்து. "மண்டையில ஏறல, தலையெழுத்து" என்றார்கள் வீட்டில். பதினைந்து வயதில் தறிக்கு நூல் தார் சுற்றப் போனாள். நாலு மார்க்கில் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தியவர்கள் யாரும் அந்த நாலு மார்க்குக்குப் பதில் சொல்லவில்லை. தலையெழுத்து என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் தப்பித்துவிடுகிறார்கள்!

கல்யாணமாகிக் கடை வைத்த பிறகுதான் ஷோபாவுக்குத் தெரிந்தது, தன் மண்டையில் கணக்கு எப்போதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று.

ஆட்டம் எடையோடு நிற்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் மேல் முந்திரி குவிந்து கிடக்கும் படத்தைக் காட்டி, "இதுல முந்திரி எவ்ளோ கீது, படிச்சிச் சொல்லு" என்பாள். பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் நூற்றுக்கு ஒன்று என்று போட்டிருக்கும்.

"அத்த, ஏமாத்தறாங்க!" என்று கத்துவான் ஆறாம் வகுப்புச் சீனு.

"அவங்க எழுதித்தான் வெச்சிருக்காங்க. நீதான் படத்தைப் பாத்துக்கினு நின்னே."

குடித்தால் பிள்ளைகள் உயரமாக வளர்வார்கள் என்று டப்பாவில் போட்ட மாவு ஒன்று வந்தது. "நெசமா அத்த?" என்றார்கள். "எனக்கு இன்னா தெரியும்? அளந்து பாரு" என்று கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டாள் ஷோபா. குடிக்கிறவர்கள் மூன்று பேர், குடிக்காதவர்கள் மூன்று பேர். ஆறு மாதம் கழித்து அளந்தபோது அதிகம் வளர்ந்திருந்தவன் சீனு. அவன் அந்த மாவை மோந்துகூடப் பார்த்ததில்லை. "ஆறு பேரை வெச்சி முடிவு சொல்லக்கூடாது, இன்னும் நெறைய பேரை அளக்கணும்" என்று ஷோபா சொல்லிப் பார்த்தாள். சீனு கேட்டால்தானே! மார்பை நிமிர்த்திக்கொண்டு தெரு முழுக்க நடந்தான்.

இப்படிச் சிரிப்பும் சத்தமுமாகப் போய்க்கொண்டிருந்த கடைக்கு ஒரு வியாழக்கிழமை தாமோதரன் வந்தார்.

பன்னிரண்டு விசைத்தறிக்கு முதலாளி. அவரிடம் தறி ஓட்டுகிறவர்கள், தார் சுற்றுகிறவர்கள் என்று முப்பது குடும்பம். ஒண்ணாந்தேதி ஆனால் அந்த முப்பது குடும்பத்தின் மாதச் சாமானும் ஷோபா கடையில்தான். அவர் கை காட்டிய கடை அது. அந்த முப்பது வீடும் போனால் கடையில் மிஞ்சுவது தீப்பெட்டி வியாபாரம்தான்.

அவர் வந்த நேரம் கன்னிகா துவரம்பருப்பு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் தாமோதரன் தெலுங்குக்குத் தாவிவிடுவார்.

"ஏமி ஆட்ட இதி?" என்றார். பிறகு தமிழுக்குத் திரும்பினார். "இது இன்னா வெளாட்டு ஷோபா? எங்க வூட்டுக்குப் போற பருப்பு அது. கண்டவங்க கையும் அதுக்குள்ள போனா நாங்க எப்படித் துன்றது?"

"எல்லாப் புள்ளைங்களும் கை கழுவிட்டுத்தான் மொதலாளி அள்ளுது."

"கழுவினா போயிடுமா?"

கழுவினால் போகாத அழுக்கு எது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. காலனிப் பிள்ளைகள் நாலு பேர் நின்ற இடத்திலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அவருடைய பேத்தி பிரீத்தி, கன்னிகாவின் வயது, சற்று முன்னால்தான் அதே மூட்டையில் அள்ளிவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கை அவர் கணக்கில் வரவில்லை.

"ஒண்ணாந்தேதிக்குள்ள இத நிறுத்திடு. இல்ல, முப்பது வூட்டுச் சாமானும் வேற கடைக்குப் பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருவைத் தாண்டிய பிறகுதான் ஷோபாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் தோன்றியது. தோன்றி என்ன பயன்?

அவள் கணவன் சம்பத் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்லவன், பயந்தவன். செய்தி கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்திடு ஷோபா. புள்ளைங்களுக்குப் பாடம் சொல்றதுக்கு பள்ளிக்கூடம் கீது. நமக்கு இன்னா?"

ஷோபா வெள்ளிக்கிழமை நிறுத்தினாள். அதை அவளே பிறகு வெட்கத்தோடுதான் சொல்வாள். கன்னிகா வழக்கம்போலக் கை கழுவி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஷோபா அவளைப் பார்க்காமல் தானே அள்ளி, தானே எடை போட்டு, ஒரு துண்டு வெல்லத்தையும் சும்மாவே நீட்டினாள்.

கன்னிகா வெல்லத்தை வாங்கவில்லை.

"அத்த, நேத்து என் கை தப்பா சொல்லிச்சா?"

அந்தக் குழந்தைக்குத் தாமோதரன் சொன்னது புரியாமல் இல்லை. புரிந்தும், தப்பு தன் கைக்கணக்கில் இருக்கக் கூடாதா என்று கேட்கிறாள். எடை தப்பினால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். பிறந்த இடத்தை எந்தக் குழந்தை எப்படித் திருத்தும்?

"உன் கை தப்பில்லடி. நான்தான் தப்பு" என்றாள் ஷோபா. "இந்தா, அள்ளு." சனிக்கிழமை பழையபடி எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒண்ணாந்தேதி. சம்பத் அதிகாலையிலேயே திருப்பதிக்குப் பஸ் ஏறிப் போயிருந்தான். எதற்கு என்று சொல்லவில்லை. பத்து மணிக்குத் திரும்பி வந்தவன் கடைக்குள் நுழைந்து ஏதோ குடைந்துவிட்டு, வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டான். முகத்தில் ஒரு தெம்பு. ஷோபா அப்போது பின் அறையில் புது அரிசி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை.

அன்று நல்ல கூட்டம். முப்பது குடும்பத்தில் பதினோரு வீட்டுக்காரர்கள், முதலாளி என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டே சாமான் வாங்கிப் போனார்கள். பன்னிரண்டாவதாக முதலாளியே வந்தார், கையில் லிஸ்ட்டோடு, பிரீத்தியோடு. கடைசியாகச் சோதித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று ஷோபாவுக்குப் புரிந்தது. பருப்பு, உளுந்து, மிளகாய், கடலை என்று லிஸ்ட்டில் இருந்த பன்னிரண்டு சாமானையும் அவளே நிறுத்துக் கட்டிவைத்தாள். மூட்டைகளின் பக்கம் பிள்ளைகள் யாரும் இல்லாததைப் பார்த்து அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்போது கன்னிகா வந்தாள். கூடவே சீனுவும் இன்னும் ஐந்தாறு பிள்ளைகளும். எல்லாருடைய கையிலும் தண்ணீர் சொட்டியது.

"அத்த, ஒரு கிலோ அரிசி."

ஷோபா ஒரு நொடி தாமோதரனைப் பார்த்தாள். முப்பது வீடு. பிறகு கன்னிகாவைப் பார்த்தாள்.

"வா. அள்ளு."

தாமோதரனின் முகம் சிவந்தது. கன்னிகா அள்ளினாள். அவள் எடை சொல்லும் முன்பே, அவசரத்தில் ஷோபா பையைத் தராசில் வைத்து, இன்னும் ஒரு கை அரிசி போட்டாள். சிவப்பு எழுத்தில் சரியாக 1.000 வந்தது. பையை எடுத்துக் கன்னிகாவிடம் கொடுத்தாள்.

கன்னிகா பையை வலது கையில் தூக்கினாள். இடது கைக்கு மாற்றினாள். புருவம் சுருங்கியது.

"அத்த, இது ஒரு கிலோ இல்ல. கம்மியா கீது."

தாமோதரன் சத்தமாகச் சிரித்தார்.

"நல்லா சொல்லிக்குடுத்தேம்மா! கடைக்காரிய திருடின்றா பாரு. மிஷினு சொல்றது பொய், இவ கை சொல்றது நெசமா?"

"பாத்துடலாம் மொதலாளி" என்றாள் ஷோபா. "சந்தேகம் வந்தா பாத்துடணும். அதான எங்க ஆட்டம்." பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைத்தாள்.

1.095. கவருக்கு ஐந்து கிராம் போனாலும் தொண்ணூறு அதிகம்.

ஷோபா உப்பை எடுத்தாள். தட்டு வெறுமையாக இருந்தது. வெறும் தராசை யார் பார்க்கிறார்கள்? சாமான் ஏறிய பிறகு வரும் எண்ணைத்தான் கடைக்காரரும் பார்ப்பார், வாங்குகிறவரும் பார்ப்பார். இப்போது எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லாத தட்டுக்குத் தராசு 0.090 காட்டிக்கொண்டிருந்தது.

"சும்மா கெடக்கறப்பவே தொண்ணூறு கிராம் காட்டுதே!" என்றான் சீனு.

ஷோபா ஸ்டீல் தட்டைத் தூக்கினாள். அதன் கீழே மஞ்சள் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தாள். உள்ளங்கை அகலத்தில் செப்புத் தகடு. அதில் கட்டங்கள், கட்டத்துக்குள் எழுத்துகள்.

ஆட்டோவிலிருந்து சம்பத் மெதுவாக இறங்கி வந்தான். "அது... யந்திரம் ஷோபா. தன ஆகர்ஷண யந்திரம். திருப்பதியில ஒருத்தர் பூஜை பண்ணிக் குடுத்தாரு. பத்து மணிக்குத்தான் வெச்சேன். தராசுக்குக் கீழ வெச்சா கடைய வுட்டு யாரும் போவமாட்டாங்க, செல்வம் தானா வந்து சேரும்னு..."

"சேந்துடுச்சே!" என்றாள் ஷோபா. "ஒவ்வொரு தடவ நிறுக்கும்போதும் ஊரான் வூட்டு அரிசி தொண்ணூறு கிராம் வந்து சேந்துடுச்சே! பேஷா வேல செய்யுதுய்யா உன் யந்திரம்!"

முதலில் சிரித்தது பிரீத்தி. பிறகு கடையே சிரித்தது. சம்பத்துக்கும் அடக்க முடியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தான். தாமோதரன் மட்டும் சிரிக்கவில்லை. பிரீத்தி அவருக்குக் கட்டிவைத்திருந்த சாமானைப் பார்த்து விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, நம்முது பன்னெண்டு ஐட்டம். பன்னெண்டு இன்டு தொண்ணூறு... ஆயிரத்து எண்பது. தாத்தா, நமக்கு ஒரு கிலோ எண்பது கிராம் கம்மி!"

"உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?" என்றார் தாமோதரன்.

"இந்தக் கடையிலதான்" என்றாள் பிரீத்தி.

ஷோபா கடைப் படியில் ஏறி நின்றாள். தகட்டை மறைத்துவிட்டு, மிஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் தகட்டைத் தூக்கிக் காட்டினாள். "சீனு, ஓடு! பத்து மணிக்கு மேல சாமான் வாங்கின அத்தன வூட்டுக்கும் போய்ச் சொல்லு. என் தராசு தப்பு. பையோட வரச் சொல்லு, கொறைஞ்சத போட்டுக் குடுக்கறேன்."

பிள்ளைகள் நாலு பக்கமும் பறந்தார்கள். கால் மணி நேரத்தில் பதினோரு வீடும் பையும் கையுமாக வந்து நின்றது. யாரும் திட்டவில்லை, யந்திரத்தைப் பார்ப்பதில்தான் போட்டி. கன்னிகாவின் அம்மா சந்திரம்மாவும் வந்தாள். தாமோதரனிடம் தார் சுற்றுகிறவள். முதலாளியைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கினாள்.

ஷோபா தட்டை மாட்டினாள். தராசு 0.000 காட்டியது. "மொதல்ல மொதலாளி சாமான். கன்னிகா, துவரம்பருப்பு தொண்ணூறு கிராம் அள்ளு."

கன்னிகா அசையவில்லை. தாமோதரனைப் பார்த்தாள்.

"ஷோபா, நீயே போடு" என்றார் தாமோதரன், குரலைத் தாழ்த்தி.

வியாழக்கிழமை தொண்டைக்குள் தங்கிவிட்ட பதில் இப்போது வெளியே வந்தது.

"மொதலாளி, இவங்க அம்மா கை சுத்தின தாருலதான் உங்க சேல ஓடுது. அந்தச் சேலயக் கட்டிக்கினு ஊரே கோயிலுக்குப் போவுது. அப்ப ஒட்டாத தீட்டு, பருப்புல மட்டும் எப்படி ஒட்டும்? உங்க சாமான் கொறையுதுன்னு கண்டுபுடிச்சது இந்தக் கை. கொறைய ரொப்பறதும் இந்தக் கைதான். வேணான்னா, கொறைச்சலாவே எடுத்துக்கினு போங்க."

தெருவே தாமோதரனைப் பார்த்தது. சந்திரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் பிரீத்தி பருப்புப் பையின் கட்டை அவிழ்த்து, வாயை அகலமாகப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"போடு கன்னிகா. எவ்ளோ சொல்றே?"

கன்னிகா மூட்டைக்குள் கையை விட்டாள். ஒரு கை நிறைய அள்ளி, கொஞ்சம் உதிர்த்து, தராசில் வைத்தாள். 0.085.

"அஞ்சு கிராம் கம்மி!" என்று கத்தினாள் பிரீத்தி. கன்னிகா நாலைந்து பருப்பாக எடுத்துப் போட்டாள். எண் 0.090க்கு வந்தது. பருப்பு தாமோதரன் வீட்டுப் பைக்குள் போனது.

"சீக்கிரம் ஆவட்டும், தறி ஓடிக்கினு கீது" என்றார் தாமோதரன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. மீதிப் பதினொன்றும் அந்த ஒரே கையால்தான் விழுந்தது. தெரு மொத்தமும் எண்ணிக்கொண்டிருந்தது.

அடுத்த ஒண்ணாந்தேதி தாமோதரன் வரவில்லை. தன் வீட்டுச் சாமானை வேறு கடையில் வாங்கினார். முப்பது குடும்பத்தையும் அங்கேதான் போகச் சொன்னார். போனது நாலு வீடு. மற்ற இருபத்தாறு வீடும், ஷோபா பயந்துகொண்டே கடை திறந்த அன்று, காலையிலேயே வரிசையில் நின்றது. முன்னால் நின்றவள் சந்திரம்மா. "தப்புன்னு தானா கூப்புட்டுச் சொல்ற கடைய வுட்டுட்டு எங்க போறது?" என்றாள், இந்த முறை நிமிர்ந்து பார்த்து.

மதியத்துக்கு மேல் பிரீத்தி ஒரு பெரிய பையை இழுத்துக்கொண்டு வந்தாள். வேறு கடையில் வாங்கிய சாமான்.

"அத்த, தாத்தா இத உங்க தராசுல ஒருக்கா நிறுத்துப் பாத்துக்கினு வரச் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னாரு."

ஷோபா சிரித்த சிரிப்பில் எதிர்த் தறிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "வாடி, நிறுத்துடலாம். ஆனா கை கழுவு. மொதல்ல கன்னிகா தூக்கிப் பாத்துச் சொல்லட்டும்."

இப்போது ஆட்டத்தில் ஒரு புது விதி. எதையும் தராசில் வைக்கும் முன்பு, வெறும் தட்டைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "சுன்னா!" என்று கத்த வேண்டும். பூஜ்யத்துக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு அது. கத்தினால்தான் எடை.

யந்திரத்தை வீசிவிடச் சம்பத்துக்கு மனம் வரவில்லை. சாமி குத்தமாகிவிடும் என்று பயம். ஷோபாவும் வீசச் சொல்லவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு, தகட்டில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, கதவு நிலையில் உயரக் கோடுகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டிவைத்தாள். புதிதாக ஆட்டத்துக்கு வருகிற குழந்தையின் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறாள்.

"நல்லா புடிச்சிப் பாரு. இவ்ளோதான் தொண்ணூறு கிராம்."